நம்ம குட்டை

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் ஊரில் பாதிப் பேர் என் மேல் பாய்வார்கள். மீதிப் பேர் அவருக்குச் சொந்தக்காரர்கள். பெயர் போடாவிட்டாலும் எங்கள் பக்கத்தில் தெரிந்துவிடும். நீடாமங்கலத்தைச் சுற்றி எந்த டீக்கடையிலாவது உட்கார்ந்து "ரொம்ப நியாயமான மனுசன்" என்று ஆரம்பித்துப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் அவர் பெயரைச் சொல்லி முடித்து வைப்பார். அப்படி ஒரு பேர் எடுத்திருந்தார். அந்தப் பேரைப் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி.

ஆள் பார்க்கப் பிரமாதமாக ஒன்றும் இருக்க மாட்டார். ஒல்லியான உடம்பு, அரைக்கைச் சட்டை, ஓட்ட ஓட்டப் புகை விடும் ஒரு பழைய மொபெட். அத்தனை வேலி நிலம் இருந்த வீட்டுப் பிள்ளை என்று சொன்னால்தான் தெரியும். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பேச உட்கார்ந்தால் முதலில் தோளில் இருக்கும் துண்டை எடுத்து நாலாக மடித்து மடியில் வைத்துக்கொள்வார். பிறகு எதிரில் இருப்பவரைப் பார்த்து, "நீயே சொல்லு, எது நியாயம்?" என்பார்.

அவருடைய மொத்த வித்தையும் இந்த ஒரு கேள்விதான். குத்தகை பேச வருகிறவன் வீட்டிலிருந்து கிளம்பும்போது மனதில் ஒரு அளவு வைத்துக்கொண்டுதான் வருவான். இவ்வளவுக்கு மேல் ஒரு மூட்டை கூடத் தர மாட்டேன் என்று பெண்டாட்டியிடம் வீரம் பேசிவிட்டு வந்திருப்பான். இங்கே வந்தால் நாற்காலி போடுகிறார்கள், காபி வருகிறது, அவ்வளவு பெரிய மனிதர் பேரம் பேசாமல் உன் அபிப்பிராயத்தைக் கேட்கிறார். கூச்சம் வந்துவிடாதா? தான் நினைத்ததற்கு மேலேயே சொல்லிவிடுவான். அவர் கொஞ்ச நேரம் துண்டைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டு, "அவ்வளவு வேணாம்ப்பா, ஒரு மூட்டை குறைச்சுக் குடு" என்பார். வந்தவன் கண்ணில் தண்ணீரோடு போவான். பெண்டாட்டியிடம் பேசிய வீரமெல்லாம் எங்கே போனது என்று அவனுக்கே தெரியாது.

பாகப்பிரிவினைச் சண்டை என்றால் அவரிடம்தான் போவார்கள். அண்ணனைக் கூப்பிட்டு, "உன் தம்பிக்கு எது நியாயம், நீயே சொல்லு" என்பார். தம்பியிடம் அண்ணனுக்கு எது நியாயம் என்று கேட்பார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது கஞ்சத்தனமாகப் பேச யாருக்கு வாய் வரும்? இருவரும் அள்ளிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நெஞ்சைத் தடவிக்கொண்டு படுப்பார்கள். ஆனால் சண்டை தீர்ந்துவிடும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

எங்கள் அப்பா அவருடைய வயலில் வேலை பார்த்தே வளர்ந்தவர். அவருடைய அப்பாவின் காலத்தில் எங்கள் ஆட்கள் அந்த வீட்டு வாசல்படி ஏறியது கிடையாது. இவர் காலத்தில் அது மாறியது. இவர்தான் மாற்றினார், அதை மறுக்க முடியாது. அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னவர் இவர். அப்பா உட்கார மாட்டார், அது வேறு விஷயம். நான் பிளஸ் டூ தேறிய அன்று மிட்டாய் கொடுக்கப் போய், "ஐயா, எடுத்துக்குங்க" என்றேன். மிட்டாயை வாங்காமல் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஐயான்னு கூப்பிடாதம்மா. பெரியப்பான்னு கூப்பிடு" என்றார்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து வந்தேனா, பறந்து வந்தேனா என்று கேட்டால் தெரியாது. அம்மா நம்பவில்லை. நாலு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். என் கல்யாணத்துக்கு வந்து, எங்கள் தெருவில் பந்தலுக்குக் கீழே, பந்தியில் உட்கார்ந்து எல்லாரோடும் சாப்பிட்டார். ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். இதையெல்லாம் நான் மறந்துவிட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுத் திரும்பி வந்தார். குனிந்து நாற்று நட முடியாது, மூட்டை தூக்க முடியாது. ஆனால் மீன் என்றால் அவருக்கு உயிர். தண்ணீரின் மேல் ஒரு குமிழி வந்தால் அது கெளுத்தியா விராலா என்று சொல்வார். எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவில் பெரியப்பாவுக்கு ஒரு குட்டை இருந்தது. அவர் அப்பா காலத்தில் செங்கல் காளவாய்க்கு மண் வெட்டிய பள்ளம். காளவாய் போன பிறகு தண்ணீர் தேங்கி, ஆகாயத்தாமரை மண்டி, கோழிக்கடைக்காரன் இறகு கொட்டும் இடமாகக் கிடந்தது. அதில் விரால் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். அந்தக் குட்டையை மீன் பிடிக்கக் குத்தகைக்குக் கேட்கலாம் என்று முடிவு செய்து, இருவரும் போனோம்.

துண்டை மடித்து வைத்தார். "நீயே சொல்லும்மா" என்றார். நான் ஒரு தொகை சொன்னேன். எங்களுக்கு அது அதிகம்தான். அவர் சிரித்தார். "மொத வருசம் ஒண்ணும் வேணாம். சுத்தம் பண்றதுக்கே சரியாப் போயிரும். அடுத்த வருசத்துலேருந்து நீ சொன்னதுல பாதி குடு" என்றார்.

சில நிபந்தனைகள் போட்டார். மருந்து கலந்து மீன் பிடிக்கக் கூடாது. ஊர்க்காரன் எவனாவது குழம்புக்காக ஒரு தூண்டில் போட்டால் விரட்டக் கூடாது. விரால் குஞ்சோடு இருக்கும்போது வலை போடக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை என் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. விரால் ஒரு விசித்திரமான மீன். குஞ்சு பொரித்ததும் அவை சிவப்பாக ஒரு கொத்தாக நீர்மட்டத்தில் மிதக்கும். அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அதனாலேயே அப்போது பிடிப்பது சுலபம். அதனாலேயே பிடிக்கக் கூடாது என்றார் பெரியப்பா. "அதுக்கும் ஒரு நியாயம் வேணும்ல?" என்றார்.

எத்தனை வருடத்துக்கு என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் தம்பி" என்றார். பேப்பரில் எழுதிக்கொள்ளலாமா என்று நான்தான் கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. "நமக்குள்ள எதுக்கும்மா அதெல்லாம்? நம்ம குட்டை, நாம பாத்துக்குறோம்." அந்த வருத்தத்தைப் பார்த்து நான் கேட்டதற்கே வெட்கப்பட்டேன்.

பிறகு என்ன, இறங்கி வேலை செய்தோம். முதுகு போன மனிதர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தாமரையை அறுத்து அறுத்துத் தள்ள, நானும் என் நாத்தனாரும் கரையில் இழுத்துப் போட்டோம். அரித்துப்போன கரைக்கு மண் அணைத்தோம். வாய்க்காலிலிருந்து தண்ணீர் வரும் வழியில் வலை கட்டினோம். கோழிக்கடைக்காரனோடு நான் போட்ட சண்டை மூன்று தெருவுக்குக் கேட்டது. இரண்டாவது வருடம் விரால் பெருகியது. உயிரோடு விற்றால்தான் விராலுக்கு விலை. நீல பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் ஊற்றி அதில் விட்டு, நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார்ந்தேன்.

அந்த கேட்டைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். மூடினால் மூடினதுதான். இஞ்சின் ஒரு தடவை போகும், மறுபடி வரும், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பவும் போகும். பஸ், லாரி, கார் எல்லாம் நின்று வேர்க்கும். ஊரே அந்த கேட்டைத் திட்டும். நான் மட்டும் திட்ட மாட்டேன். நின்ற காரிலிருந்து இறங்கி வந்து பீப்பாயை எட்டிப் பார்க்காத ஆள் கிடையாது.

பெரியப்பாவும் வந்து வாங்குவார். அவர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாங்கள் மீன் கொடுத்தனுப்ப வேண்டும் என்றும் குத்தகையில் ஒரு பேச்சு இருந்தது, ஆனாலும் கடையில் வாங்கும்போது காசு கொடுத்துத்தான் வாங்குவார். நான் எடைக்கு மேல் ஒரு குட்டி மீனைப் போட்டால், எடுத்துத் திருப்பிப் பீப்பாயில் விடுவார். கேட்டில் நிற்கிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். "குத்தகைக்கு விட்டவரே காசு குடுத்து வாங்குறாரே" என்று ஒரு டிரைவர் வாய்விட்டுச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரே ஒரு முறை மனதில் சுருக்கென்றது. பக்கத்துத் தெருப் பையன்கள் இல்லை, நல்ல வளர்ந்த ஆள் ஒருவன், விடிகாலையில் எங்கள் குட்டையில் வீச்சு வலை போட்டுக் கூடை நிறைய விரால் எடுத்துக்கொண்டு போகும்போது என் வீட்டுக்காரர் பிடித்துவிட்டார். பெரியப்பாவிடம் கூட்டிப் போனோம். அவனை உட்கார வைத்து, காபி கொடுத்து, "கேட்டா குடுக்க மாட்டோமா? நம்ம குட்டைதானேப்பா" என்று சொல்லி, மீனோடு அனுப்பிவிட்டார். ஊர் முழுக்க அவர் பெருந்தன்மைதான் பேச்சு. மீன் என்னுடையது. ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் பெரியப்பா செய்ததைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை.

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் எங்களிடம் வந்ததும் கேட் மூடியிருந்த நேரத்தில்தான். பீப்பாயில் கையை விட்டு விராலைத் தூக்கிப் பார்த்தார். எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று கேட்டார். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கினார். ரீல் வைத்த கம்பி மாதிரித் தூண்டில், முனையில் ரப்பர் தவளை. நாள் முழுக்க வெயிலில் நின்று ஒரு மீனைப் பிடித்தார். அதை மார்போடு அணைத்து போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். அதற்கு எங்களுக்குக் காசும் கொடுத்தார். அன்றைக்கு வீட்டில் நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! காசு கொடுத்துப் பிடிக்கிறார்கள், பிடித்ததை விட்டுவிட்டும் போகிறார்கள், இப்படி ஒரு வியாபாரம் உண்டா?

அவர் நண்பர்களைக் கூட்டி வந்தார். ஞாயிறுதோறும் குட்டைக் கரையில் நாலைந்து பேர் தூண்டிலோடு நிற்பார்கள். நான் சாப்பாடு செய்து கொடுத்தேன். காசு வரத் தொடங்கியதும், இதைப் பெரியப்பாவிடம் மறைப்பது தப்பு என்று நானே போய்ச் சொன்னேன். மீன் பிடிக்கத்தான் குத்தகை, வெளியாளை விட்டுப் பிடிக்க வைப்பதற்கு இல்லையே. துண்டு மடிந்தது. "மீனு உன்னுது, தண்ணி நம்மளுது. நீயே சொல்லு" என்றார். பாதி தருகிறேன் என்றேன். மூன்றில் ஒன்று போதும் என்றார். நான் வழக்கம்போல நெகிழ்ந்துபோய் எழுந்தேன். வாசல்வரை வந்துவிட்டேன், பின்னாலிருந்து, "அந்தத் தஞ்சாவூரு தம்பியை ஒருநாளு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாம்மா. காபி சாப்புடட்டும்" என்றார். கூட்டிப்போய் விட்டவள் நான்தான்.

அந்த ஆவணியில் மழை நன்றாக இருந்தது. வாய்க்காலெல்லாம் தண்ணீர், சம்பா நாற்றங்கால் பச்சைப் பசேலென்று நின்றது. குட்டையில் எங்கே பார்த்தாலும் விரால் குஞ்சு. இந்த வருடம் கடனெல்லாம் அடைத்து, வீட்டுக்கு ஓடு மாற்றிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பெரியப்பா ஆள் அனுப்பினார், குட்டைக்கு இருவரும் வரச் சொல்லி.

போனால் கார் நிற்கிறது. தஞ்சாவூர்க்காரர் நிற்கிறார். இன்னொருவன் டேப் பிடித்துக் கரையை அளந்துகொண்டிருக்கிறான். பெரியப்பா கையை நீட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இது எங்க குட்டைங்க. எங்கப்பா காலத்துல காளவாய் போட்டிருந்தோம். இவங்க இத்தனை நாளா பாத்துக்கிட்டாங்க."

எங்க. அந்த மனிதர் வாயிலிருந்து அந்தக் குட்டையைப் பற்றி நான் கேட்ட வார்த்தை அதுவரை 'நம்ம' மட்டும்தான். 'நம்ம' என்றால் எதிரில் நிற்பவளும் உள்ளே இருக்கிறாள். 'எங்க' என்றால் யாரோ வெளியே நிற்கிறார்கள். இதை யாருக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை, பால் குடிக்கும் வயதிலேயே தெரியும். வெளியே நிற்பது தஞ்சாவூர்க்காரராக இருக்கட்டும், 'எங்க' என்பதில் நானும் பெரியப்பாவும் சேர்த்திதான் என்று ஒரு நொடி மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்குள் 'இவங்க' வந்துவிட்டது. குத்தகை எடுத்தவர்கள் என்றுகூட இல்லை. பாத்துக்கிட்டாங்க. பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களைச் சொல்வார்களே, அந்தப் பேச்சு.

எங்களைப் பார்த்ததும் கரையிலேயே உட்கார்ந்தார். துண்டை மடித்தார். தஞ்சாவூர்க்காரர் தூண்டில் போடுகிறவர்களுக்காகவே குட்டையை எடுக்கப் போவதாகவும், கரையில் குடில் கட்டப் போவதாகவும், அவர் சொல்லும் குத்தகை எவ்வளவு என்பதையும் சொன்னார். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் குந்திவிட்டார். எங்கள் பத்து வருடத்துக் குத்தகை அது. பிறகு பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"உன்னைக் கேக்காம நான் முடிக்க மாட்டேம்மா. அவரு குடுக்குறதை நீ குடுத்தா குட்டை உனக்குத்தான். அவருக்குக் கிடையாது. உன்னால முடியுமா?"

"முடியாது பெரியப்பா."

"அப்ப நான் என்ன பண்ணுறது? என் எடத்துல நீ இருந்தா என்ன பண்ணுவ? நீயே சொல்லு."

தஞ்சாவூர்க்காரர் செல்போனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். டேப் பிடித்தவன்கூட நின்றுவிட்டான். 'நீங்கள் போதும் என்று சொல்கிறவரைக்கும்' என்று சொன்னீர்களே என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கரைக்கு மண் அணைத்தது யார் என்று கேட்டிருக்க வேண்டும். கோழிக்கடைக்காரனிடம் மூன்று தெரு கேட்கக் கத்தியவள் நான். ஆனால் அவர் குரலை உயர்த்தவில்லையே, நான் எப்படி உயர்த்துவேன்? "அவருக்கே குடுத்துருங்க பெரியப்பா" என்று என் வாயால் சொன்னேன்.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றார் தஞ்சாவூர்க்காரரிடம்.

உள்ளே இருக்கிற மீனையாவது பிடித்துக்கொள்கிறோம், ஒரு வாரம் கொடுங்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பெரியப்பா தண்ணீரைக் காட்டினார். சிவப்புக் கொத்து ஒன்று கரையோரமாக மிதந்துகொண்டிருந்தது. "குஞ்சோட இருக்குறப்ப வலையப் போடலாமா தம்பி? நாமளே வச்ச சட்டம்" என்றார். அவ்வளவு மீனும் குட்டையோடு போயிற்று. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! எல்லாரும், "ஆமா, குஞ்சோட இருக்குறப்ப எப்படிப் புடிக்கிறது?" என்கிறார்கள்.

அப்பாவிடம் போய் அழுதேன். "கேட்டுத்தானே குடுத்தாரு? கேக்காமலே குடுத்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?" என்றார் அப்பா. என் பக்கம் பேசுவார் என்று போனேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். ஊரும் அதையேதான் சொன்னது. சொத்து அவருடையது, அதிகம் கொடுக்கிறவனுக்குக் கொடுக்கிறார், அதற்கும் முன்னால் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார், இதைவிட ஒரு மனிதன் என்ன செய்வான்? வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு மறந்திருப்பேன். பெரியப்பா என்று கூப்பிட வைத்த மனிதர் செய்தால் எங்கே போய்ச் சொல்வது?

அதோடும் அவர் விடவில்லை. தஞ்சாவூர்க்காரரிடம் பேசி என் வீட்டுக்காரருக்கு அதே குட்டையில் காவல் வேலை வாங்கிக் கொடுத்தார். மாதச் சம்பளம். எந்த இடத்தில் மீன் கிடக்கும் என்று வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். போகக் கூடாது என்று சண்டை போட்டேன். "சாப்பாட்டுக்கு என்ன பண்றது, நீ சொல்லு" என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது பெரியப்பாவே கேட்பதுபோல் இருந்தது. ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அவர் போனார்.

ரொம்ப நாள் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரித்ததும், தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. சிவப்புக் கொத்துக்கு நடுவில் ரப்பர் தவளையைப் போட்டால் தாய் மீன் வெறியோடு கடிக்கிறது. கடித்ததை இழுத்து, போட்டோ எடுத்து, சிலர் விட்டார்கள், சிலர் ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டார்கள். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்ததை என் வீட்டுக்காரர் கரையில் நின்று பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று சொன்னதற்கு, வாட்ச்மேன் வேலையை மட்டும் பார் என்றார்களாம். நேராகப் பெரியப்பாவிடம் போயிருக்கிறார். அவர் கேட்டுவிட்டு, "அவங்க பணம் கட்டிட்டு வர்றாங்க தம்பி. நாம எப்படிச் சொல்றது?" என்றாராம்.

இப்போது மட்டும் 'நாம' வந்துவிட்டது. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்போதுதான் போயிற்று. இப்போது மன்னார்குடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து ஆணி நிறுக்கிறார். நான் வெளியூரிலிருந்து வந்து இறங்கும் ஐஸ் மீனை வாங்கி, அதே கேட்டில் விற்கிறேன்.

போன வருடம் பெரியப்பா நிலம் நீச்சையெல்லாம் விற்றுவிட்டு, சென்னையில் மகனோடு போய் இருக்கப் போவதாகச் செய்தி வந்தது. போவதற்கு முன் ஊரைப் பார்க்க வேண்டும் என்றார். மாரியம்மன் கோயில் எதிரில் பந்தல் போட்டார்கள். சாயங்கால நேரம், நல்ல கூட்டம். எல்லாத் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர் ஒவ்வொருவராகப் பக்கத்தில் கூப்பிட்டு, "நான் உனக்கு ஏதாவது குறை வச்சிருந்தா சொல்லிடுப்பா, மனசுல வச்சுக்காத" என்று கேட்டார். கேட்டவர்கள் எல்லாம், "உங்களுக்கா? ஐயையோ" என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். பாகம் பிரித்த அண்ணன் தம்பிகூட வந்து நின்றார்கள்.

நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அப்பா வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தார். பந்தல் ஓரமாக நின்றிருந்தவளை அவரே பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ ஏன் அங்கயே நிக்கிற? வா" என்றார். போனேன். வயதாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டார். குறை வைத்தேனா?

"வச்சீங்க பெரியப்பா" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் நடுங்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "குட்டைய எடுத்ததுகூட இல்ல. உங்க சொத்து. அதை என் வாயாலேயே சொல்ல வச்சீங்களே, அதைத்தான் சொல்றேன்."

அவர் முகம் ஒரு கணம் விழுந்தது. அது எனக்குத் தெரிந்தது. என் கையைப் பிடித்திருந்த கை இறுகியது. இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். 'தப்புதாம்மா' என்று அவர் சொன்னால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் விட்டுவிடத் தயாராக இருந்தேன். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அவர் சிரித்தார். என் கையை விடாமலே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தீங்களா? இவ அப்பன் என் முன்னாடி உக்காரவே மாட்டான். இவ நேருக்கு நேரா நின்னு என்னையக் கேக்குறா. இந்தத் தைரியம் எங்கேருந்து வந்துச்சு? யாரு குடுத்தது?"

"நீங்கதாங்க ஐயா" என்றது கூட்டம். முதல் குரல் என் அப்பாவுடையது.

எல்லாரும் சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். அவர் என் தலையில் கையை வைத்து, நல்லா இரு என்றார். அப்புறம் அடுத்தவரைக் கூப்பிட்டார். யாரோ டீ கொண்டுவந்து கையில் திணித்தார்கள். வேண்டாம் என்று சொல்லவோ கீழே வைக்கவோ தெரியாமல், அங்கேயே நின்று அந்த டீயைக் குடித்து முடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.